ஐந்தாம் வகுப்போடு நின்றவருக்கும் ஒரு நாற்காலி

இடமில்லாமல் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிற நம் தேவாரம் ஊர்ச் சொந்தங்களே,

முன்னாள் மாணவர் சங்கம் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு. முதல் வாரம் பழைய போட்டோவாக வந்து கொட்டும். ரெண்டாவது வாரம் காலை வணக்கமும் ரோஜாப்பூவும். அடுத்த மாசம் ஒருத்தர் "பிளாட் விற்பனைக்கு" என்று போடுவார். அதோடு குழு அடங்கிவிடும். மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் அதையாவது செய்கிறார்கள். ஆரம்பப் பள்ளிக்கு அதுவும் கிடையாது. பத்து வயதில் டி.சி. வாங்கிக்கொண்டு போன பிள்ளை யாருடைய முகவரியை எழுதி வைத்திருக்கும்? பக்கத்தில் உட்கார்ந்தவனின் பட்டப்பெயர்தான் நினைவில் இருக்கும்.

சரி, மீறிக் கூட்டம் போட்டால் யார் வருகிறார்கள்? டாக்டர் வருகிறார், இன்ஜினியர் வருகிறார், துபாயில் இருக்கிறவர் வருகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர் வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே வெளியே நின்றுகொள்கிறார். "நமக்கு அங்கே என்ன வேலை" என்கிறார். எனக்கு வருத்தம் அதில்தான்.

விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளி. வீட்டுக்கு வீடு சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்கள். அந்த அரிசியைச் சேர்த்துத்தான் பள்ளியை வளர்த்தார்கள். பிடியரிசிப் பள்ளி என்றே அதற்குப் பேர். அங்கே படித்து, ஆறாம் வகுப்போடு நின்றுபோன ஒரு பையன் உண்டு. பேர் காமராஜ். பாஸ் பண்ணினவர்களை மட்டும் கூப்பிடும் சங்கமாக இருந்தால் அவருக்கு அங்கே நாற்காலி கிடைத்திருக்காது!

அந்தப் பையன்தான் பின்னாளில் முதலமைச்சராகி, 1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு கூடவே நின்றார். முதல் மாநாடு கடம்பத்தூரில். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக என்னென்ன குறை என்று பட்டியல் எடுத்தார்கள், அதை ஊர் முன்னால் வைத்தார்கள். ஒருத்தர் பெஞ்சு கொடுத்தார், ஒருத்தர் கடிகாரம், இன்னொருத்தர் கட்டடத்துக்கு நிலம். "தாராளமாகக் கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்டிருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். இன்றைக்கும் பல ஊர்களில் தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும் ஏந்தி, மேளம் வைத்துக் கல்விச் சீர் கொண்டு போகிறார்களே, அந்தக் கைப்பழக்கம் நமக்குப் புதிதில்லை.

வெளியூரில் இருப்பவர்கள் கொடுக்க இப்போது வழியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" மூலமாகத் தாங்கள் படித்த பள்ளிக்கே அனுப்பலாம். நேரில் வந்து பார்க்க ஆசைப்பட்டால், 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் போடி வரைக்கும் வருகிறது. வாருங்கள்.

ஆனால் நம் ஆரம்பப் பள்ளிக்கு அதிகம் தேவைப்படுகிற முன்னாள் மாணவர் சென்னையில் இல்லை. விடியற்காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஜீப்புக்குக் காத்திருக்கிறாரே, அவர்தான். நம் ஊரிலிருந்து மலை ஏறுகிற சாக்கலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டுக் கேட்டு நமக்கு வாய் வலிக்கிறது. அது வரும்போது வரட்டும். அதுவரை நம் ஜனம் போடி மெட்டையோ கம்பம் மெட்டையோ சுற்றித்தான் மலை மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறது. ஆடி, ஆவணியில் காய் எடுப்பு ஆரம்பித்தால் தை, மாசி வரைக்கும் வேலை. சில குடும்பங்கள் மேலேயே தங்கிவிடும். பிள்ளையும் கூடப் போகும். இங்கே வருகைப் பதிவேட்டில் வரிசையாக "ஆ" விழும். பிள்ளை எங்கே என்று டீச்சருக்குத் தெரியாது. ஜீப் ஓட்டுகிற அண்ணனுக்குத் தெரியும். கூடவே காய் எடுக்கிற அக்காவுக்குத் தெரியும். அந்த அண்ணனும் அக்காவும் அதே பள்ளியில் படித்தவர்கள்தான்! அவர்கள் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டால், மேலே பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளி இருக்கிறதா, இல்லை பிள்ளையைப் பாட்டி வீட்டிலேயே விட்டுவைக்கச் சொல்லலாமா என்று பேசுவதற்கு நேரம் கிடைக்கும். ஒரு லட்ச ரூபாய் நன்கொடையைவிட அந்த ஒரு போன் பெரிது என்பேன். கொடுக்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், லட்சத்தையும் வாங்கிக்கொள்வோம்.

பள்ளி மேலாண்மைக் குழுவை 2024இல் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வைத்தார்கள். அந்த இடத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி உட்கார வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முன்னாள் மாணவர்களையெல்லாம் எப்படித் தேடிப் பிடிப்பது? ஆபீஸ் பீரோவில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. படித்தவன், படிக்காமல் ஓடினவன் எல்லோர் பேரும் அதில் உண்டு. (நம்மில் பாதிப் பேருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வைத்த புண்ணியவான்கள் எழுதிய பதிவேடு அது.) தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்போம். பதிவேடு வெளியே வர வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து பேரையும் சேர்ந்த வருஷத்தையும் மட்டும் ஒரு நோட்டில் எழுதுவோம். சாதிக் கட்டம் ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். தெருவுக்கு ஒரு சங்கம், சாதிக்கு ஒரு சங்கம் என்று நம் ஊர்ப் பக்கம் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டோம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே தரையில் உட்கார்ந்த இடம் இந்தப் பள்ளி ஒன்றுதான்.

கூட்டம் என்றைக்கு? பொங்கலுக்கு வைத்தால் தோட்டத்துக்காரர்களுக்குத் தோதுப்படாது, காய் எடுப்பு முடிந்திருக்காது. காய் எடுப்பு முடிந்த பிறகு வருகிற வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அதையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்போம். மேடையும் மாலையும் வேண்டாம். அவரவர் படித்த வகுப்பறையில் உட்காருவோம்.

வருஷத்துக்கு ரெண்டு பேர் பொறுப்பெடுத்தால் போதும், ஒருத்தர் ஊரில் இருப்பவர், ஒருத்தர் மலைக்குப் போகிறவர். நோட்டு கீழே, மைக் செட்டுக்காரர் மேசை மேல் இருக்கிறது. கலைந்து போவதற்கு முன்னால் எந்த வருஷம் என்று சொல்லிப் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.