சோற்றோடு நறுக்கி வைக்க எந்தத் தக்காளி?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசியதன் தொகுப்பு)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் கணக்கெல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது நம் கொல்லைப்புறத்துக்குப் போவோம். "தக்காளியைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். 2023 ஜூலை மாதம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நம்மில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, பாதியை மறுநாளைக்கு எடுத்து வைத்தோம். அப்போதுதான் வீட்டுக்கு வீடு பத்துச் செடி வைப்பது என்று குழுக்களில் தீர்மானம் போட்டோம்.

செடி வைத்தோம், காயும் வந்தது. ஆனால் பழத்தை நறுக்கித் தட்டில் வைத்தால் பிள்ளைகள் தொடவில்லை. "புளிக்குது", "தோல் ரப்பர் மாதிரி இருக்கு" என்று ஒதுக்கி வைத்தார்கள். குழம்புக்குத்தான் போனது. குழம்பில் போட்டாலும் நல்லதுதான். ஆனால் பச்சையாகச் சாப்பிடுவதில் தனியாக ஒரு லாபம் இருக்கிறது.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. நாம் கீரை, கேழ்வரகு, பயறு சாப்பிடுகிறோம். அதில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. கூடவே வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். தக்காளியில் வைட்டமின் சி இருக்கிறது. கொதிக்க வைத்தால் அதில் ஒரு பங்கு வீணாகும். அதனால்தான் கீரைச் சோற்றோடு நாலு வட்டம் பச்சைத் தக்காளி வையுங்கள் என்கிறோம். பிள்ளை அதைத் தின்ன வேண்டுமென்றால் ருசி வேண்டும். ருசி வேண்டுமென்றால் ரகம் பார்த்து வைக்க வேண்டும்.

நாங்கள் செய்த தப்பு

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். முதல் வருஷம் பொதுப் பணத்தில் வீரிய ஒட்டு விதை, அதாவது ஹைபிரிட் விதை வாங்கினோம். நல்ல பழம், சீரான பழம். எதற்கு மறுபடியும் காசு கொடுப்பது என்று, அந்தப் பழத்திலேயே விதை எடுத்தோம். ஒரு அக்கா பொறுப்பாகக் காயவைத்து, பொட்டலம் கட்டி, வீடு வீடாகக் கொடுத்தார்.

அடுத்த பட்டத்தில் ஒரு வீட்டில் குட்டிக் காய், ஒரு வீட்டில் கோணல் காய், ஒரு வீட்டில் செடி மட்டும் வளர்ந்தது. "நல்ல விதையை வச்சுக்கிட்டு எங்களுக்கு மட்டமானதைக் கொடுத்துட்டா" என்று பேச்சு கிளம்பியது. அந்த அக்கா இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. பிறகு ஒரு பயிற்சியில்தான் விஷயம் புரிந்தது. ஹைபிரிட் என்பது இரண்டு ரகத்தைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. அதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி போலவே வராது, பல மாதிரி பிரிந்து வரும். அது விதையின் குணம். அக்கா மேல் தப்பே இல்லை. நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். இன்று நம் விதைப் பெட்டிக்குப் பொறுப்பு அவர்தான்.

ஆகவே முதல் பாடம்: விதை எடுத்து வைக்க வேண்டுமானால் ஹைபிரிட் வேண்டாம். நாட்டு ரகமோ, ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சாதாரண ரகமோ வையுங்கள். வாங்கும்போது பொட்டலத்தில் 'எஃப் 1' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அது ஹைபிரிட்.

எந்த ரகம் எதற்கு?

பி.கே.எம். 1: பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து வந்தது. தட்டை உருண்டை, காம்புப் பக்கம் கரும்பச்சை. புளிப்பு தூக்கலாக இருக்கும். ரசத்துக்கும் தொக்குக்கும் ராஜா. வீட்டுக்கு நாலு செடி போதும்.

அர்கா விகாஸ்: பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். பழம் 80 முதல் 90 கிராம். தட்டையான உருண்டை, வட்டமாக நறுக்க வாகானது. ஓரளவு வறட்சி தாங்கும். பச்சையாகச் சாப்பிட இதைப் போட்டுப் பாருங்கள்.

கோ 3: செடி அடக்கமாக நிற்கும். இடம் இல்லாதவர்கள் சாக்குப் பையிலோ பழைய குடத்திலோ வைக்கலாம்.

செர்ரித் தக்காளி: கோலிக்குண்டு அளவுதான். பொதுவாகப் பழம் சிறுத்தால் இனிப்பு கூடும். நறுக்க வேண்டியதில்லை, பிள்ளைகள் செடியிலிருந்தே பறித்துத் தின்பார்கள். கொடி மாதிரி ஏறும், பந்தல் வேண்டும்.

அர்கா ரக்ஷக் மூன்று நோயைத் தாங்கும் நல்ல ரகம். ஆனால் அது ஹைபிரிட். விற்பனைக்கு வைப்பவர்கள் வைக்கலாம், விதை எடுக்க முடியாது.

இன்னொரு சேதி. காயாக இருக்கும்போது காம்புப் பக்கம் கரும்பச்சையாக இருக்கும் தக்காளியை, பழுத்தாலும் சீராகச் சிவக்கவில்லை என்று கழிப்பார்கள். 2012ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணுதான் பழத்தில் சர்க்கரையையும் கூட்டுகிறது என்று காட்டியது. சீராகச் சிவக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததில் இனிப்பு கொஞ்சம் போய்விட்டது. அதற்காகக் கரும்பச்சை இருந்தாலே இனிக்கும் என்று நினைக்காதீர்கள். பி.கே.எம். 1க்கும் அது உண்டு, புளிப்பும் உண்டு. சர்க்கரை, புளிப்பு இரண்டும் சேர்ந்ததுதான் நாக்குக்குத் தெரியும் ருசி.

ரகம் பாதி, வளர்ப்பு பாதி

கார்த்திகையில் நாற்று விட்டு, 25 நாளில் பிடுங்கி நட்டால் மாசி, பங்குனியில் பழம். அப்போது நல்ல வெயில், இரவில் அதிகச் சூடு இல்லை. ருசி நன்றாக வரும். சித்திரைக் கத்திரியில் பூ கொட்டும், செடியைக் குறை சொல்லாதீர்கள்.

தினம் ஆறு மணி நேரமாவது வெயில் பட வேண்டும். முருங்கை நிழலில் வைத்தால் இனிப்பு வராது.

யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். இலைதான் கொழிக்கும். மட்கிய தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் போதும்.

தண்ணீரை ஒருநாள் விட்டு நாலு நாள் காயப்போட்டு, பிறகு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும், அடிப்பக்கம் கறுக்கும். அளவாக, சீராக விடுங்கள். பழுக்கத் தொடங்கியதும் கொஞ்சம் குறையுங்கள். தண்ணீர் மிஞ்சினால் ருசி சப்பென்று ஆகும்.

இலை சுருண்டு செடி குட்டையாக நின்றால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து இல்லை. உடனே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். காய்ப்புழுவுக்கு ஓரத்தில் செண்டுமல்லி வையுங்கள், புழுவின் தாய்ப்பூச்சி அதைத் தேடிப் போய் முட்டையிடும்.

நன்றாகச் சிவந்த பிறகு பறியுங்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் தக்காளியின் மணம் மங்கிவிடும். கூடையில் வைத்தால் போதும்.

விதை எடுக்கும் முறை

நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியைப் பார்த்து ரிப்பன் கட்டுங்கள். அதன் பழத்தை முதலில் ஒரு துண்டு தின்று பாருங்கள். இனித்தால் மட்டும் விதை. சதையோடு பிழிந்து, தண்ணீர் சேர்க்காமல் ஒருநாள், இரண்டுநாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு கழன்றதும் கழுவுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை நிழலில் உலர்த்திப் பாட்டிலில் அடையுங்கள். ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தால் நாம் பட்ட பாடு போதும்.

இந்தக் கூட்டத்தின் தீர்மானம் இதுதான். ஒவ்வொரு குழுவும் ஒரு ரகம் எடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி மாதக் கூட்டத்துக்குக் குழுவுக்கு ஐந்து பழம் கொண்டு வரவேண்டும். பெயர் சொல்லாமல், எண் மட்டும் போட்டு நறுக்கி வைப்போம். ருசி பார்ப்பது நாம் இல்லை, நம் பிள்ளைகள். அவர்கள் எந்தத் தட்டை முதலில் காலி செய்கிறார்களோ, அந்த விதைதான் நம் பெட்டியில் முதல் வரிசையில் இருக்கும்.

பெட்டிச் சாவி அந்த அக்காவிடம்தான் இருக்கும். எல்லோரும் பழத்தோடு வாருங்கள்.