பன்றியின் செல்லும் நம் பிள்ளைகளின் இன்சுலினும்
(நமது அறக்கட்டளையின் சர்க்கரை நோய் முகாமில் ஆற்றிய உரை)



சென்ற முகாமுக்கு ஒரு தாய் தம் பத்து வயது மகளுடன் வந்தார்கள். பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை; தினம் நான்கு ஊசி. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டி, "பன்றியுடைய செல்லை வைத்தால் ஊசியே வேண்டாமாமே, உண்மையா? நமக்கு அது கூடுமா?" என்று கேட்டார்கள். முன்பணம் கட்ட நகையை அடகு வைக்கவும் தயாராக இருந்தார்கள். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறோம்.

டைப் 1 நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. 2000ல் கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள், இறந்தவர்களின் கணையத்திலிருந்து எடுத்த செல்களை ஏழு பேருக்கு வைத்து, ஏழு பேரையும் ஊசியிலிருந்து விடுவித்ததாக அறிவித்தார்கள். பின்னாளில் இம்முறையில் சிகிச்சை பெற்ற பலருக்கு ஊசி திரும்ப வந்தது. ஒருவருக்கே இரண்டு மூன்று பேருடைய கணையம் தேவைப்படும். அவ்வளவுக்கு எங்கே போவது? அதனால்தான் பன்றி. அதன் இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரேயொரு அமினோ அமிலம்தான் வித்தியாசம்.

ஆனால் பன்றியின் செல் மீது ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைப் பொருள் இருக்கிறது. மனித உடலில் அது இல்லை. அதை எதிர்க்கும் பொருள் நம் ரத்தத்தில் முன்பே தயாராக இருக்கிறது. செல் உள்ளே போனதும் தாக்குதல்தான். 1994ல் வெளியான சுவீடன் ஆய்வில் பத்துப் பேருக்குப் பன்றிச் செல் வைத்தார்கள். நான்கு பேரிடம் அது 200 முதல் 400 நாட்கள் உயிரோடிருந்த அடையாளம் தெரிந்தது. ஊசியை விட்டவர் ஒருவருமில்லை.

எதிர்ப்பை அடக்கும் மாத்திரை உண்டு. ஆனால் கிருமித் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, புற்றுநோய் அபாயம் கூடவே வரும். ஊசியைத் தவிர்க்க ஒரு குழந்தைக்கு ஆயுள் முழுக்க இதைக் கொடுப்பது நல்ல பண்டமாற்றாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நியூசிலாந்தில் வேறு வழி பார்த்தார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் செல்லைச் சுற்றி மெல்லிய உறை. (நோன்பு திறக்க நாம் காய்ச்சுகிறோமே, அந்தக் கடல்பாசி வேறு வகை.) சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், தாக்கும் செல் நுழையாது. ஆனால் உறையைச் சுற்றி உடல் தழும்பு கட்டிவிட்டால் உள்ளேயிருக்கும் செல் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

ஆல்ஃபா-கால் இல்லாதபடி மரபணு மாற்றிய பன்றிகளும் வந்துவிட்டன. இருந்தாலும் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது, 2025ல் வெளியான சுவீடனின் உப்சாலா நகரச் செய்திதான். மனிதச் செல்லையே எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மாற்றி, ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மாத்திரை இல்லாமலே 12 வாரம் கழித்தும் அது இன்சுலின் சுரந்தது. வைத்த அளவு சிறிது. அவர் இன்னும் ஊசி போடுகிறார்.

கூடுமா என்பதற்கு: நிர்ப்பந்தம் பற்றி ஆலிம்கள் பேசியிருக்கிறார்கள், கருத்து வேறுபாடும் உண்டு. இன்சுலின் கையில் இருக்கும்போது அது நிர்ப்பந்தமா என்பதை, சிகிச்சை வரும் நாளில் அவர்களிடமே கேட்போம். இன்று அந்தச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. அதைத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

வீடியோவை நம்பி ஒரு வேளை ஊசியைக்கூட நிறுத்தாதீர்கள். இன்சுலின் நின்றால் ஓரிரு நாளிலேயே வாந்தி, மேல்மூச்சு, மயக்கம் என்று பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும். வாங்க வசதியில்லாதவர்கள் மருத்துவரின் சீட்டுடன் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். அந்தத் தாய் நகையை அடகு வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்; மகளின் இந்த மாத இன்சுலினை நேற்று வாங்கிச் சென்றார்கள்.