பன்னிரண்டு வோல்ட்டும் வெறும் செப்புக் கம்பியும்
(புதுக்கடையில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



முதுகில் சுமக்கும் தெளிப்பானிலும் சூரிய விளக்குப் பொறியிலும் 12 வோல்ட் பாட்டரி இன்று சாதாரணமாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் அதைக்கொண்டு மண் ஈரம் காட்டும் கருவி, தொட்டி நிறைந்தால் ஒலிக்கும் மணி என்று ஏதேனும் செய்து பார்க்கிறார்கள். செய்யட்டும், நல்லதே. ஆனால் கம்பியைப் பாருங்கள்; தோலுரித்த செம்பு, முறுக்கியபடியே கிடக்கும். கேட்டால், "பன்னிரண்டு வோல்ட்தானே, அடிக்காது" என்பார்கள்.

அடிக்காது என்பது பெரும்பாலும் உண்மையே. உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம். நனைந்த, காயம்பட்ட கையில் அது 1,000 ஓம் அளவுக்கு இறங்கும்போது சுருக்கென்று உணரலாம். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், தெளிப்பானின் சிறிய ஈய அமில பாட்டரிகூட அந்த நொடியில் 100 ஆம்பியருக்கு மேல் தள்ளும். மெல்லிய கம்பி சிவக்கப் பழுத்துவிடும். அருகில் ரப்பர் ஷீட்டோ, காய்ந்த ஓலையோ, சாக்கோ இருந்தால் தீதான். ஆகவே பாட்டரியின் நேர்முனையை ஒட்டியே பியூஸ் இருக்க வேண்டும். கருவி 3 ஆம்பியர் எடுத்தால் 5 ஆம்பியர் பியூஸ் போதும். கம்பி அதைவிட அதிகம் தாங்குவதாக இருக்கட்டும். பியூஸ் போனால் செப்பு இழையைச் சுற்றிவிடுவது பியூஸே இல்லாததற்குச் சமம்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. தேங்காப்பட்டணத்துக் கடற்காற்றும் நீண்ட மழையும் வெறும் செம்பைப் பச்சை பூக்க வைக்கும். யூரியா மூட்டையும் மாட்டுத்தொழுவமும் விடும் அம்மோனியா அதை விரைவுபடுத்தும். பூத்த இணைப்பில் தடை கூடும்; தடை கூடிய இடம் சூடாகும். மயில்துத்தக் கரைசலை இரும்புப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது என்பது போர்டோ கலவை தயாரிக்கும் உங்களுக்குத் தெரியும். அதே பகை ஈரத்தில் செப்புக் கம்பிக்கும் இரும்புத் திருகாணிக்கும் இடையே நடக்கிறது. இரும்பு அரிக்கும், பிடி தளரும். ஈயப்பற்று வைத்து, மேலே உறை போட்டு மூடுங்கள். மோட்டார் காயிலிலிருந்து எடுத்த கம்பியின் வார்னிஷ் பூச்சை உறையென்று நம்ப வேண்டாம், உரசினால் போய்விடும்.

மண்ணில் செருகும் இரு செப்புக் கம்பிகளுக்கு எப்பொழுதும் மின்சாரம் கொடுத்து வைத்தால், நேர்முனைக் கம்பி கரைந்து மண்ணில் சேரும். அளக்கும்போது மட்டும் பொத்தானை அழுத்தினால் போதும்.

இனி உயிர்ப் பிரச்சினை. பாட்டரி தீர்ந்ததும் வீட்டு மின்சாரத்திலிருந்து மலிவான அடாப்டர் ஒன்றை மாட்டுகிறார்கள். சிலவற்றுள் மின்மாற்றியே கிடையாது. இரு கம்பிகளுக்கு நடுவே 12 வோல்ட்தான். ஆனால் கம்பிக்கும் நீங்கள் நிற்கும் ஈர மண்ணுக்கும் நடுவே 230 வோல்ட் வரலாம். வெறும் கம்பியைத் தொடுபவருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

மரச்சீனியைக் கிளறும் பன்றிக்காக அதே வெறும் கம்பியை வயலைச் சுற்றி இழுத்து வீட்டு மின்சாரம் கொடுப்போரும் உண்டு. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் 3 யானைகள் மாண்டன. மனிதருக்கும் அதே கதிதான். முறையான சூரிய மின்வேலியில் துடிப்பு நொடியின் மிகச் சிறு பகுதிதான். அதிர்ச்சி தருமே தவிர பிடித்து நிறுத்தாது. காட்டையொட்டிய நிலமுடையோர் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். இதற்கான மாநில விதிகள் 2023இல் வந்துள்ளன.