கத்தியில் இருக்கும் பெயர்

(ஆரணியில் நெசவாளர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆரணிப் பக்கம் 1751இல் கிளைவ் சண்டை போட்டான், 1782இல் ஐதர் அலியை எதிர்த்து அயர் கூட் சண்டை போட்டான் என்று படித்திருக்கிறோம். தளபதிகளின் பெயர் தெரிகிறது. வாள் அடித்துக் கொடுத்த கொல்லர்களின் பெயர் தெரிவதில்லை. தப்பிப் பிழைத்த பெயர் ஒன்று உண்டு: சேலம் அருணாசலம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளைக்கார இராணுவ அதிகாரிகள் வேட்டைக்கத்தியும் பன்றி குத்தும் ஈட்டியும் அவரிடம் வாங்கினார்கள். அலகில் அவருடைய பெயரும் ஊரும் ஆங்கில எழுத்தில் இருக்கும். பரிசாகக் கொடுத்த கத்தி என்றால் பெற்றுக்கொண்ட துரையின் பெயரையும் பொறித்திருப்பார்கள். இன்று இங்கிலாந்து ஏலங்களில் அவை விலை போகின்றன. துரை எந்தப் படையில் இருந்தார், எங்கே வேட்டையாடினார் என்று தேடித்தேடி எழுதுகிறார்கள். அருணாசலத்துக்குக் கிடைப்பது ஒரு வரி.

அந்த அறிவு சாதாரணமானதா? இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைக் களிமண் குகையில் வைத்து, எருக்கிலையால் மூடி, வாயை அடைத்து உலையில் உருக்கினால் எஃகு கிடைக்கும். சேலத்து இரும்பில் தொழில் நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இந்த முறையை வியந்து எழுதினார். எழுதியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. ஊதுலைத் துருத்தி மிதித்தவர் யார்? காட்டில் தப்படித்துப் புலியைக் கலைத்துவிட்டு, அது திரும்பினால் முதலில் அகப்படுகிறவர் யார்? துரைமார் எழுதிய வேட்டைப் புத்தகங்களில் அவர்கள் வெறும் ‘கூலிகள்’.

1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதம் செய்ய, விற்க, வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கு விலக்கு. ஈட்டி அடித்த கை அதை ஏந்த வேண்டுமென்றால் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். இதில் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போவது நமக்கு வசதி. ஆயுதம் ஏந்துவது சத்திரியன் தொழில், சூத்திரன் தொழில் ஊழியம் என்று மனு எழுதிவைத்த நாடு இது. செய்கிறவன் வேறு, உரிமை உள்ளவன் வேறு என்பதை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுக்கச் சீமையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

கத்திக்காவது முத்திரை இருந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கடையின் பெயர் பையில் இருக்கிறது. குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து நெய்தவர் பெயர் எந்தச் சேலையில் இருக்கிறது? அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையில் கூலி உயர்வோடு இதையும் கேளுங்கள்: நெய்தவர் பெயரும் ஊரும் ஒவ்வொரு சேலையிலும் இருக்க வேண்டும்.