இன்ஜினியர் வீட்டில் ஒரு நர்ஸ்



மென்பொருள் பற்றிப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் வேறு விஷயம் சொல்கிறேன்.

என் மனைவி இதே கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவர், எனக்கு ஒரு வருடம் ஜூனியர். நியூ ஜெர்சியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தார். வேலை போயிற்று. 32 வயதில், "நான் நர்சிங் படிக்கப் போறேன்" என்றார். என் மாமியார் போனிலேயே அழுதுவிட்டார். "இன்ஜினியருக்குப் படிச்சிட்டு பெட்பேன் தூக்கவா?" மாமியாருக்கு எப்படியோ சமாதானம் சொல்லிவிட்டேன். பணத்துக்குத்தான் வழி தெரியவில்லை. ஒரே சம்பளம், வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள்.

ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவர்களுக்கு அங்கே துரித பி.எஸ்.என். படிப்பு உண்டு. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம். ஒரு தனியார் பல்கலைக்கழகம் 70,000 டாலருக்கு மேல் சொன்னது. பக்கத்து கவுன்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி. சேருமுன் அனாட்டமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி என்று ஒரு வருடம் கூடுதல். அதே கவுன்டியில் குடியிருப்பவருக்குக் கட்டணம் குறைவு. புத்தகம், யூனிஃபார்ம் சேர்த்து எங்களுக்கு மொத்தம் 15,000 டாலருக்குள் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டு வழியில் வந்தவரும் எழுதுவது ஒரே என்க்ளெக்ஸ் தேர்வு. கிடைப்பதும் அதே ஆர்.என். உரிமம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகள் பல பி.எஸ்.என். கேட்கின்றன. நியூயார்க் மாநிலமோ 2017-இல் சட்டமே போட்டது, ஆர்.என். ஆனவர் பத்து ஆண்டுக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும் என்று. என் மனைவி வேலையில் சேர்ந்த பிறகு அதை ஆன்லைனில் படிக்கிறார். பெரும்பகுதிச் செலவு ஆஸ்பத்திரியுடையது.

மலிவு என்றதும் ஏமாந்துவிடக் கூடாது. ஃப்ளோரிடாவில் சில நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றது 2023 ஜனவரியில் அம்பலமானது. மாநில நர்சிங் போர்டின் பட்டியலில் பள்ளியின் பெயர் இருக்கிறதா, அதன் மாணவர்களில் எத்தனை சதவீதம் முதல் முயற்சியிலேயே என்க்ளெக்ஸ் தேறுகிறார்கள், இரண்டையும் பார்த்த பிறகுதான் நாங்கள் பணம் கட்டினோம். இன்னொன்று: எச்-4 விசாவில் படிக்கலாம், வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்க முடியாது. எங்களுக்கு அதற்குள் கிரீன் கார்டு வந்திருந்தது.

இங்கிருந்து ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்கி மதிப்பீட்டுக்கு அனுப்பினோம். கணிதமும் ஆங்கிலமும் கழிந்தன. நான்கு வருடம் முட்டி மோதிப் படித்த சர்க்யூட் தியரிக்கு நர்சிங்கில் மதிப்பே இல்லை! (பேராசிரியர் மன்னிக்க.)

ஆஸ்பத்திரிப் பயிற்சி நாளில் அவர் விடியுமுன் கிளம்பிவிடுவார். குழந்தைகளுக்குச் சடை பின்னுவது, டிஃபன் பாக்ஸ் கட்டுவது எல்லாம் நான்தான். சின்னவளுக்கு இன்றும் என் பின்னல்தான் பிடிக்கிறது.

இங்கேயே இந்த எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். கணினிக் குழுக்காரர்களுக்கு மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ இருக்கிறது. அதை முடித்தாலும் பதிவு பெற்ற செவிலியர்தான். வயது வரம்பை அந்த வருடத்து விண்ணப்பக் கையேட்டில் முதலில் பாருங்கள்.

எங்கள் கணக்கு நோட்டைக் கொண்டு வந்திருக்கிறேன். வேண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடியுங்கள்.