பொருந்தினால் மட்டும் போதாது



வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நின்றுவிட்டது. வின்டோஸ் 11 போட, இன்டெல் புரொசெசர் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட பலெர்மோ நண்பர் ஒருவர், வீட்டில் இருந்த 6ஆம் தலைமுறைக் கணினிக்கு, பாவித்த 8ஆம் தலைமுறைப் புரொசெசர் ஒன்றை வாங்கி வந்தார். வீடுகள் துப்புரவாக்கிச் சேர்த்த காசு. பிள்ளைகள் பாடம் செய்வதும் அந்தக் கணினியில்தான்.

பொருத்திப் பார்த்தோம். அச்சொட்டாக இருந்தது. விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. பழைய புரொசெசரைத் திரும்பப் போட்டதும் கணினி உயிர்த்தது.

காரணம் இதுதான். இரண்டுக்கும் சொக்கெட்டின் பெயர் 1151. ஆனால் 2017இல் வந்த 8ஆம் தலைமுறைக்கு இன்டெல் மின் இணைப்புகளை மாற்றிவிட்டது. 300 வரிசை சிப்செட் உள்ள மதர்போர்டில்தான் அது இயங்கும்.

ஆகவே, காசு கொடுக்குமுன் மதர்போர்டின் மொடல் எண்ணைப் பாருங்கள். அது ஏற்கும் புரொசெசர்களின் பட்டியல் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் இருக்கும். வேகத்துக்காக 7ஆம் தலைமுறை போடுவதென்றால், பழைய புரொசெசர் இருக்கும்போதே பயோஸைப் புதுப்பியுங்கள். கழற்றிய பின் அதற்கு வழி கிடைப்பது கடினம். சொக்கெட்டின் ஊசிகளில் விரல் படவே கூடாது.

நண்பரின் கணினியில் செலவில்லாத லினக்ஸ் போட்டோம். பிள்ளைகளின் பாடம் தடையின்றி நடக்கிறது. போன காசுதான் அவருக்கு மனவருத்தம். அது உங்களுக்கும் வரவேண்டாம்.