பச்சையை மிச்சம் வைப்போம்



ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் பள்ளியில், மாணவர்களோடு சேர்ந்து ஜூனிபர் என்ற ஊசியிலை மரத்தைத் தொட்டியில் போன்சாயாக வளர்க்கிறோம். முதல் ஆண்டு, வடிவம் வரட்டுமென்று ஒரு கிளையின் பச்சை முழுவதையும் கத்தரித்துவிட்டேன். ஆலும் புளியும் வெறுங்கிளையிலும் துளிர்க்கும், ஜூனிபர் துளிர்க்காது. “எப்போ சார் துளிர்க்கும்?” என்று பிள்ளைகள் தினமும் கேட்டார்கள். கிளை காய்ந்தது. தவறு என்னுடையது என்று வகுப்பிலேயே சொன்னேன்.

இப்போது நுனியில் பச்சையை விட்டே வெட்டுகிறோம். தொட்டி வகுப்பறைக்குள் அல்ல, வெயிலில் இருக்கிறது. மேல்மண் காய்ந்த பிறகே நீர். தேங்கினால் வேர் அழுகும்.

1625 முதல் ஜப்பானில் வளர்க்கப்பட்ட பைன் போன்சாய் ஒன்று, 1945-இல் ஹிரோஷிமா அணுகுண்டுக்கும் தப்பி, இன்று வாஷிங்டனில் நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பலர் காத்த மரம். நம்மிடம் வரும் பிள்ளைகளையும் திருத்துவோம், பச்சையை மிச்சம் வைத்து.